கிட்னி சாவு எண்ணிக்கையை போட்டீங்க, காரணத்தையும் கொஞ்சம் பெருசா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல உள்பக்கத்துல ஒரு சின்ன பெட்டிச் செய்தி பாத்தேன். உலகத்துல நாள்பட்ட கிட்னி நோயால வருஷத்துக்கு 15 லட்சம் பேர் கிட்ட சாகறாங்க, சாவு காரணங்கள்ல அது 9வது இடத்துக்கு வந்துடுச்சுன்னு நாலே வரி. நான் கடலூர் மாவட்டத்துல டயாலிஸிஸ் டெக்னீஷியனா பல வருஷமா வேலை பாக்குறேன், அந்த நாலு வரிக்குள்ள இருக்கற ஆளுங்களைத்தான் தினம் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் மெஷின்ல போட்டு எடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். முழுசா போட இடம் இல்லன்னா மூத்திர டெஸ்ட் பத்தி எழுதியிருக்கற பகுதியை மட்டுமாவது விடாம போடுங்க சார்.

முதல்ல அந்த கணக்கு. 2025 நவம்பர்ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகையில வந்த ஆய்வு அது. 1990ல உலகத்துல 37.8 கோடி பெரியவங்களுக்கு ஏதோ ஒரு கட்டத்துல கிட்னி நோய் இருந்துச்சு, 2023ல அது 78.8 கோடி. அந்த ஒரு வருஷத்துல மட்டும் செத்தவங்க 14.8 லட்சம். நாடுன்னு பாத்தா சீனாவுல 15.2 கோடி பேர், அடுத்தது நாமதான், 13.8 கோடி. உலக சுகாதார நிறுவனம் தனியா ஒரு கணக்கு வச்சிருக்கு, அதுலயும் 2000த்துல 19வது இடத்துல இருந்த கிட்னி நோய் 2021ல 9வது இடத்துக்கு ஏறியிருக்கு, சாவு எண்ணிக்கை அந்த இடைவெளியில 95 சதவீதம் கூடியிருக்கு, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இதை சொன்னா உடனே நிறைய பேர் சொல்றது என்னன்னா, ஜனத்தொகை கூடிடுச்சு, முன்ன மாதிரி அம்பது அறுபதுல போகாம எல்லாரும் எம்பது வரைக்கும் இருக்காங்க, அப்ப கிட்னி நோயும் கூடத்தானே செய்யும்னு. நியாயமான கேள்விதான், எண்ணிக்கை ஏறினதுல பெரும்பகுதி அதனாலதான். ஆனா வயசு வித்தியாசத்தை சரிக்கட்டி, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை சாவுன்னு பாக்குற ஒரு முறை இருக்கு, அப்படி பாத்தாலும் 1990ல 24.9 இருந்தது 2023ல 26.5 ஆயிருக்கு. கொஞ்சம்தானே ஏறியிருக்குன்னு தோணும். ஆனா இதே முப்பது வருஷத்துல, இதே மாதிரி வயசை சரிக்கட்டி பாத்தா மாரடைப்பு சாவு குறைஞ்சிருக்கு, பக்கவாதம் குறைஞ்சிருக்கு, காசநோய் குறைஞ்சிருக்கு, குழந்தைங்க வயித்துப்போக்கு எவ்வளவோ குறைஞ்சிருக்கு. மருத்துவம் இவ்வளவு முன்னேறின காலத்துல கிட்னி சாவு இறங்காம நிக்கிறதும் இல்லாம மேல போகுது, எனக்கு வயித்தெரிச்சலா இருக்கறது அதுதான். இது விதியோ முதுமையோ கிடையாது சார், கவனிக்காம விட்டதோட விளைவு.

இந்த 14.8 லட்சமும் முழு கணக்கு இல்ல. அதே ஆய்வு சொல்லுது, உலகத்துல நடக்கற இதய நோய் சாவுகள்ல சுமார் 12 சதவீதத்துக்கு கிட்னி கெட்டுப்போனதும் ஒரு காரணம்னு. எங்க யூனிட்டுல இதை நான் கண்ணால பாக்குறேன். கிட்னி பேஷண்ட் நிறைய பேர் கடைசியில போறது ஹார்ட்டுலதான். ஞாயித்துக்கிழமை லீவு, சனிக்கிழமை டயாலிஸிஸ் இல்லாதவங்களுக்கு வெள்ளிக்கிழமை முடிச்சா திங்கட்கிழமைதான் அடுத்தது, அந்த ரெண்டு நாள் இடைவெளிதான் எங்களுக்கு பயமே. திங்கக்கிழமை காலையில எடை மெஷின்ல ஏத்தினா நாலு கிலோ கூட இருக்கும், அத்தனையும் தண்ணி, மூத்திரமா வெளிய போக வழி இல்லாம உடம்புலயே நின்ன தண்ணி, கால் அழுத்தினா குழி விழும், படுத்தா மூச்சு முட்டுதுன்னு ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்துட்டு வருவாங்க. ரத்தத்துல பொட்டாசியம்ங்கற உப்பு ஏறிடுச்சுன்னா அந்த அறிகுறி கூட இல்லாம திடீர்னு ஹார்ட் நின்னுடும். அப்புறம் சர்டிபிகேட்ல கார்டியாக் அரெஸ்ட்னு ஒரு வரி எழுதி முடிச்சிடுவாங்க, கிட்னிங்கற வார்த்தையே அதுல இருக்காது. அதுவும் டாக்டர் காரணம் எழுதி கொடுக்கற சாவே நம்ம நாட்டுல பதிவாகறதுல கால்வாசி கூட இல்ல, மீதி பேர் வீட்டுல செத்தா வயசாச்சு, மூச்சு நின்னுச்சுன்னு போயிடுது. அப்ப நாம எண்ணிக்கிட்டிருக்கற எண்ணிக்கை எவ்வளவு குறைவுன்னு நீங்களே யோசிச்சு பாருங்க.

இப்ப டெஸ்ட் விஷயத்துக்கு வரேன்.

எங்ககிட்ட புதுசா வர்றவங்க பத்து பேருக்கு எட்டு பேர் கழுத்துல டியூப் போட்டுக்கிட்டு வர்றாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்னா, இவங்களுக்கு கிட்னி போகப் போகுதுன்னு முன்னாடியே யாருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா நிதானமா கையில ரெண்டு ரத்தக் குழாயை இணைக்கற பிஸ்டுலா ஆபரேஷன் பண்ணி, அது தேறின பிறகு ஊசி போட்டு டயாலிஸிஸ் ஆரம்பிச்சிருக்கலாம். வாந்தி, விக்கல், மூச்சு முட்டல்னு எமர்ஜென்சியில தூக்கிட்டு வந்து, கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவான யூரியா, கிரியாட்டினின் ரத்தத்துல எவ்வளவுன்னு பாத்து, உப்பு ஏறிடுச்சும்மான்னு சொல்லி அன்னிக்கே கழுத்துல டியூப். வீட்டு ஆளுங்க கேக்குற முதல் கேள்வி, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் இருந்தாரு?"ங்கறது. நல்லா இல்ல, அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ முன்னாடியே ஆரம்பிச்சது அது, வலிக்கல, அவ்வளவுதான். ரெண்டு கிட்னியும் சேர்ந்து பாதிக்கு மேல கெட்டாலும் உடம்பு எதையும் வெளிய காட்டாது.

அந்த பத்து வருஷத்துல கண்டுபிடிக்க என்ன வேணும்? ஸ்கேன் கூட அவசியம் இல்ல. ஒரு சின்ன டப்பாவுல மூத்திரம், ஒரு ரத்த டெஸ்ட். மூத்திரத்துல அல்புமின்னு ஒரு புரதம் வருதான்னு பாக்கணும். கிட்னி நல்லா இருந்தா புரதத்தை ரத்தத்துலயே நிறுத்திக்கும், டீ வடிகட்டி கிழிஞ்சா தூள் கிளாஸுல இறங்குற மாதிரி கிட்னி கெட ஆரம்பிச்சா அது மூத்திரத்துல இறங்கிடும். கிரியாட்டினின் ஏறுறதுக்கு பல வருஷம் முன்னாடியே பல பேருக்கு இது தெரிஞ்சிடும், சுகர் பேஷண்ட்டுக்கு முக்கியமா. மூத்திரம் போகும்போது நுரை நுரையா வந்து ரொம்ப நேரம் அடங்காம நிக்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா நுரை வர்றதுக்கு முன்னாடியே டெஸ்ட்ல பிடிச்சிடலாம்.

ரத்த டெஸ்ட்லயும் ஒரு விஷயம் இருக்கு. லேப் ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 1.2 வரைக்கும் நார்மல்னு அச்சடிச்சிருப்பாங்க, நாம பாத்துட்டு அப்பாடா நார்மல்னு பையில வச்சுக்குவோம். 25 வயசு பையனுக்கு 1.2 இருந்தா கிட்னி நூத்துக்கு 86 கிட்ட வேலை செய்யுதுன்னு அர்த்தம், பிரச்சனை இல்ல. அதே 1.2 ஒரு 60 வயசு அம்மாவுக்கு இருந்தா 52தான் வேலை செய்யுது, பாதி போயாச்சு. ரெண்டு ரிப்போர்ட்லயும் ஒரே எண், பக்கத்துல ஒரே நார்மல். வயசையும் ஆணா பெண்ணாங்கறதையும் வச்சு இஜிஎஃப்ஆர்னு ஒண்ணு கணக்கு போட்டா இது உடனே தெரிஞ்சிடும், அதுக்கு தனியா காசு கூட கிடையாது, கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கு. ஒவ்வொரு லேப்பும் கிரியாட்டினின் போடும்போது கீழ இதையும் போட்டே ஆகணும்னு ஒரு உத்தரவு போட்டா எத்தனை பேர் முன்னாடியே தெரிஞ்சுக்குவாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கா, ஸ்கூல் டீச்சர், பத்து வருஷமா சுகர் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம சுகர் டெஸ்ட், எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியா ஒரு ஃபைல்ல கோத்து வச்சிருந்தாங்க. எங்க யூனிட்டுக்கு வந்தப்ப அந்த ஃபைலை நான் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் புரட்டி பாத்தேன். சாப்பாட்டுக்கு முன்ன, சாப்பாட்டுக்கு பின்ன, மூணு மாச சராசரி எல்லாம் இருக்கு. மூத்திரத்துல புரதம் பாத்த ஒரு பேப்பர் கூட இல்ல. இவ்வளவு ஒழுங்கா இருந்த ஒரு மனுஷிக்கு யாருமே அதை எழுதி கொடுக்கல. அந்த ஃபைலை திருப்பி கொடுக்கும்போது என்னால அவங்க முகத்தை பாக்க முடியல சார்.

முன்னாடியே கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம், கிட்னிக்கு மருந்தே இல்லையேன்னு இன்னும் நிறைய பேர் நினைக்கிறாங்க. அது தப்பு. 1993லயே அமெரிக்காவுல கேப்டோப்ரில்னு ஒரு சாதாரண பிபி மாத்திரையை சுகரால கிட்னி கெட்டவங்களுக்கு கொடுத்து பாத்தாங்க, சாவு, டயாலிஸிஸ், மாற்று ஆபரேஷன் இந்த மூணுல ஒண்ணுக்கு போறதே பாதியா குறைஞ்சது. அதே வகையில ரெண்டாவது, மூணாவது தலைமுறை மாத்திரைங்க இன்னிக்கு எந்த மெடிக்கல்லயும் மலிவா இருக்கு. 2020ல டாபாக்ளிஃப்ளோசின்னு சுகருக்காக வந்த மாத்திரையை 4,304 கிட்னி பேஷண்டுங்கள்ல பாதி பேருக்கு கொடுத்து ஒரு ஆய்வு நடந்துச்சு, சுகர் இல்லாத கிட்னி பேஷண்டும் அதுல இருந்தாங்க, பலன் இவ்வளவு தெளிவா இருக்குன்னு ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. கிட்னி மோசமாகறது மட்டுமில்ல, சாவே 31 சதவீதம் குறைஞ்சது. அந்த வருஷமே அதோட பேட்டன்ட் நம்ம நாட்டுல முடிஞ்சு பல கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சாச்சு. எம்பாக்ளிஃப்ளோசின்னு அதோட அண்ணன் தம்பி மருந்து ஒரு மாத்திரை 60 ரூபா கிட்ட வித்தது, 2025 மார்ச்ல பேட்டன்ட் முடிஞ்சதும் 10 ரூபாய்க்கும் கீழ இறங்கிடுச்சு. இதெல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது, டாக்டர் பாத்துத்தான் எழுதணும், தயவுசெஞ்சு இதை படிச்சிட்டு யாரும் கடையில போய் நீங்களா வாங்கி போடாதீங்க. நான் சொல்ல வர்றது, மருந்து இருக்கு, விலையும் இறங்கியாச்சு, யாருக்கு கொடுக்கணும்னு கண்டுபிடிக்கற டெஸ்ட்தான் நடக்கல. அந்த 78.8 கோடி பேர்ல பெரும்பாலானவங்க ஆரம்ப கட்டத்துலதான் இருக்காங்கன்னு அந்த லான்செட் ஆய்வே சொல்லுது. அவங்களை பிடிக்கணும்.

இன்னொரு பக்கம் இருக்கு இதுக்கு, சுகர் பிபி ரெண்டுமே இல்லாம கிட்னி போற ஆளுங்க. இதை பத்தி தமிழ் பேப்பர்ல வர்றது ரொம்ப குறைவு, அதனால இதை கொஞ்சம் விரிவா எழுதறேன்.

மத்திய அமெரிக்காவுல நிகராகுவான்னு ஒரு நாடு, அங்க சிச்சிகல்பான்னு ஒரு ஊர், சுத்தி கரும்புக் காடு. அங்க கரும்பு வெட்டுற இளவட்ட பசங்க, இருபது முப்பது வயசுல, சுகர் கிடையாது பிபி கிடையாது, கொத்து கொத்தா கிட்னி போய் செத்தாங்க. பக்கத்துல எல் சால்வடார்லயும் அதே கதை, 2002ல அங்க டாக்டருங்க இதை எழுதி வெளிய கொண்டு வந்தாங்க. சிச்சிகல்பா பக்கத்துல ஒரு குடியிருப்புக்கு பேரே விதவைங்களோட தீவுன்னு ஆயிடுச்சு, அவ்வளவு வீட்டுல ஆம்பள இல்ல. பூச்சி மருந்தா, தண்ணியான்னு பல வருஷம் சண்டை போட்டாங்க. கடைசியில அதிகமா ஆதாரம் நிக்கிறது வெயில்ல. கொதிக்கற வெயில்ல, தண்ணி போதாம, நிழல் இல்லாம, வெட்டின டன்னுக்கு கூலிங்கறதால நிறுத்தாம வேலை செஞ்சா ஒவ்வொரு நாளும் கிட்னி கொஞ்சம் அடிபடும், ராத்திரி கொஞ்சம் தேறும், மறுநாள் திரும்ப அடிபடும், சீசன் மேல சீசனா அது தழும்பா ஆயிடும். அங்கயே ஒரு கரும்பு ஆலையில தண்ணி, ஓய்வு, நிழல் இந்த மூணையும் கட்டாயமாக்கி, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை உக்காரணும்னு நேரம் குறிச்சு கொடுத்து, சீசன் முன்னாடியும் பின்னாடியும் ரத்தம் எடுத்து பாத்தாங்க. ஓய்வு நேரத்தை கூட்டக் கூட்ட கிட்னி அடிபடுறது குறைஞ்சது. மருந்து கூட இல்ல சார், தண்ணியும் நிழலும்.

2025 மே மாசம் ஜெனீவாவுல உலக சுகாதார சபை கிட்னி நோய்க்குன்னு முதல் தடவையா ஒரு தீர்மானம் போட்டுச்சு, அதை முன்ன நின்னு கொண்டு வந்தது குவாத்தமாலா, அதுவும் கரும்பு நாடுதான். ஜனங்களை பறிகொடுத்த ஊர்க்காரங்கதான் எழுந்து கேட்டிருக்காங்க.

நமக்கு பக்கத்துல பாருங்க. இலங்கையில அனுராதபுரம், பொலன்னறுவை பக்கம் நெல் விவசாயிங்களுக்கு 1990கள்ல இருந்து இதே மாதிரி காரணம் தெரியாத கிட்னி நோய், அதை ஒட்டின வவுனியா, முல்லைத்தீவு பக்கம் நம்ம தமிழ் விவசாயிங்க குடும்பத்துலயும் இருக்கு. தண்ணியோட கடினத்தன்மை, ஃப்ளோரைடு, உரம், களைக்கொல்லி, வெயில்னு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க, இன்னும் ஒரு முடிவுக்கு வரல. 2015ல கிளைபோசேட் களைக்கொல்லியையே தடை பண்ணாங்க, அப்புறம் அந்த தடையையும் எடுத்துட்டாங்க. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம், தென்னையும் முந்திரியுமா பச்சை பசேல்னு இருக்கற கடலோர ஏரியா, அங்கயும் இதேதான், வீட்டுக்கு வீடு கிட்னி பேஷண்ட். 2023 கடைசியில பலாசாவுல கிட்னிக்குன்னே ஒரு ஆஸ்பத்திரியும் குழாய் தண்ணி திட்டமும் வந்துச்சு. வந்தது நல்லது, ஆனா அதுக்குள்ள எத்தனை குடும்பம் போச்சு.

நம்ம தமிழ்நாட்டுல 2023ல 125 கிராமத்துல விவசாய வேலை செய்யறவங்க 3,350 பேரை அரசு டாக்டருங்க டெஸ்ட் பண்ணாங்க, திரும்பவும் மூணு மாசம் கழிச்சு உறுதி பண்ணி பாத்ததுல நூத்துக்கு அஞ்சு பேருக்கு மேல நாள்பட்ட கிட்னி நோய், அதுல பாதி பேருக்கு சுகர், பிபி மாதிரி வழக்கமான காரணம் எதுவும் கிடையாது. இந்த ஆய்வு எனக்கு ஆச்சரியமா இல்ல. எங்க மாவட்டத்துல கரும்பு வெட்டுற ஒரு அண்ணன் எங்க யூனிட்டுல இருக்காரு, நாப்பது வயசு கூட ஆகல. காலையில அஞ்சு மணிக்கு காட்டுல இறங்கினா மதியம் ஒண்ணு ரெண்டு வரைக்கும், கையில ஒரு லிட்டர் பாட்டில், அது எட்டு மணிக்கே தீந்திடும். சாயங்காலம் இடுப்பு விட்டுப் போகும், தெரு முனை மெடிக்கல்ல போய் "ஒரு செட் குடுங்க"ன்னா பேப்பர்ல மடிச்சு நாலு மாத்திரை கொடுப்பாங்க, என்ன மாத்திரைன்னு பேர் கூட தெரியாது, அதுல டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை கண்டிப்பா இருக்கும். போட்டா வலி போகும், மறுநாள் திரும்ப வேலைக்கு போகலாம். தண்ணி வத்தின உடம்புல இந்த வலி மாத்திரை கிட்னிக்கு போற ரத்தத்தை இன்னும் குறைச்சிடும், வெயிலும் மாத்திரையும் சேர்ந்து ரெண்டு பக்கமும் அடி. அவர் யூனிட்டுல படுத்திருக்கும்போது என்கிட்ட கேட்டது, "நான் குடிச்சதே இல்ல, பீடி கூட கிடையாது, எனக்கு ஏன் வந்துச்சு?" பதில் தெரிஞ்சும் சொல்றதுக்கு கஷ்டமா இருந்துச்சு.

பொம்பளைங்க நிலைமை இன்னும் மோசம். நாத்து நட, களை எடுக்க போறவங்க வேணும்னே தண்ணி குடிக்காம போறாங்க, ஏன்னா காட்டுல ஒதுங்க இடம் இல்ல. செங்கல் சூளை, உப்பளம், ரோடு போடற வேலை, எல்லா இடத்துலயும் இதுதான். வளைகுடா நாட்டுக்கு கட்டட வேலைக்கு போயிட்டு கிட்னி போய் திரும்பி வர்ற நேபாள பசங்களை பத்தி வெளிநாட்டு பத்திரிகைங்க எழுதியிருக்காங்க, அதே சைட்டுலதான் நம்ம ஊரு பசங்களும் நிக்கிறாங்க. உலகம் வருஷா வருஷம் சூடாகிட்டே போகுது, அப்ப இந்த எண்ணிக்கை எந்த பக்கம் போகும்னு சொல்ல வேண்டியதில்ல. 2040ல ஆயுசை குறைக்கற காரணங்கள்ல கிட்னி நோய் அஞ்சாவது இடத்துக்கு வந்துடும்னு 2018லயே ஒரு கணிப்பு வந்தாச்சு.

டயாலிஸிஸ் இருக்கே, அது காப்பாத்தாதான்னு கேப்பீங்க. என் வேலையே அது, அதை குறைச்சு சொல்ல மாட்டேன், அது இல்லன்னா நான் பேசிட்டு இருக்கற பாதி பேர் இன்னிக்கு இல்ல. ஆனா ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், 120 லிட்டர் கிட்ட சுத்திகரிச்ச தண்ணி, ரெண்டு பெரிய ஊசி, வாரத்துக்கு மூணு தடவை, வாழ்நாள் முழுக்க. நம்ம ஊர்ல பல பேர் ரெண்டு தடவைதான் பண்ணிக்கிறாங்க, மூணாவது நாள் பஸ் செலவு, கூட வர்ற ஆளோட கூலி போச்சுங்கறதால. முதலமைச்சர் காப்பீட்டுல டயாலிஸிஸ் இலவசமா கிடைக்குது, மக்களைத் தேடி மருத்துவத்துல வயித்து வழியா பண்ற டயாலிஸிஸ் பையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கறாங்க, மத்திய அரசு திட்டம் 2016ல இருந்து இருக்கு, இதெல்லாம் நிஜமாவே நல்ல விஷயம், பல மாநிலத்துல, பல நாட்டுல இது கூட இல்ல. உலக அளவுல 2010ல ஒரு கணக்கு எடுத்தாங்க, டயாலிஸிஸோ மாற்று கிட்னியோ கிடைச்சவங்க 26 லட்சம் பேர், கிடைக்காம செத்தவங்க குறைஞ்சது 23 லட்சம் பேர் கிட்ட, அதுல 19 லட்சம் பேர் ஆசியாக்காரங்க. எத்தனை மெஷின் வாங்கிப் போட்டாலும் இந்த பள்ளத்தை மெஷினால மட்டும் மூட முடியாது. ஒரு மெஷின் திறந்தா மறுநாளே ஃபுல், வெயிட்டிங் லிஸ்ட் அப்படியே இருக்கும்.

அதனால உங்ககிட்ட நான் கேக்குறது இது. புது டயாலிஸிஸ் சென்டர் திறப்பு விழான்னா எல்லா பேப்பரும் போட்டோவோட கால் பக்கம் போடுறீங்க, ரிப்பன் வெட்டுறது, குத்துவிளக்கு எல்லாம் வருது. அதே ஊர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர், பிபி மாத்திரை வாங்க வரிசையில நிக்கிற ஜனங்கள்ல எத்தனை பேருக்கு இந்த வருஷம் மூத்திரத்துல புரதம் பாத்திருக்காங்கன்னு ஒரு நிருபரை அனுப்பி கேளுங்க. அரசு இதுக்குன்னு 2023ல ஒரு திட்டமே ஆரம்பிச்சு, மூத்திரத்துல குச்சி நனைச்சு பாக்குற டெஸ்ட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே கொண்டு வந்தாங்க. அது இப்ப எந்தெந்த ஊர்ல ஒழுங்கா நடக்குது, எங்க குச்சி ஸ்டாக் இல்லன்னு திருப்பி அனுப்பறாங்கன்னு மாவட்டம் மாவட்டமா எழுதுங்க. கரும்பு ஆலைங்க கிட்ட வெட்டுற ஆளுங்களுக்கு தண்ணி, நிழல், ஓய்வு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. சீசன் டிசம்பர்லயே ஆரம்பிச்சு வெயில் ஏற ஏற போகும், பிப்ரவரிக்குள்ள கேட்டாத்தான் பிரயோஜனம். மெடிக்கல்ல சீட்டு இல்லாம செட் மாத்திரை கொடுக்கறதை பத்தி எழுதுங்க, எழுதினா கடைக்காரங்களுக்கு கோவம் வரும், வரட்டும்.

டாக்டருங்களுக்கும் ஒரு கோரிக்கை. சாவு சர்டிபிகேட்ல கடைசியா நின்னது ஹார்ட்டுன்னு எழுதுங்க, கீழ அதுக்கு காரணமான நோய் எழுதறதுக்கு இடம் இருக்கு, அங்க கிட்னி நோய்னு எழுதுங்க. எண்ணுனாத்தான் அடுத்த பட்ஜெட்ல காசு வரும்.

உங்க வாசகருங்களுக்கு நேரடியா சொல்றேன். வீட்டுல சுகர் இருக்கா, பிபி இருக்கா, அப்பா அம்மாவுக்கு கிட்னி பிரச்சனை இருந்துச்சா, வருஷக்கணக்கா வலி மாத்திரை போட்டிருக்கீங்களா, வெயில்ல கூலி வேலை செய்யறவங்களா, இதுல ஒண்ணு இருந்தா கூட வருஷத்துக்கு ஒரு தடவை மூத்திரத்துல அல்புமின், ரத்தத்துல கிரியாட்டினின் ரெண்டும் பாருங்க. டாக்டர் எழுதலன்னா நீங்களே கேளுங்க, சார் கிட்னி டெஸ்ட் ஒண்ணு எழுதுங்கன்னு. கேக்கறதுல தப்பே இல்ல. ரிப்போர்ட்ல நார்மல்னு இருந்தாலும் இஜிஎஃப்ஆர் எவ்வளவுன்னு கேளுங்க. கிட்னி கல்லுக்கு, மூட்டு வலிக்குன்னு பேர் தெரியாத பஸ்பம், சூரணம் வாங்கி மாசக்கணக்குல சாப்பிடாதீங்க. ஏற்கனவே கிட்னி நோய் இருக்கறவங்க இளநீர், பழம், இந்துப்பு எதுவா இருந்தாலும் உங்க டாக்டரை கேட்டுட்டு சாப்பிடுங்க, வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி பொட்டாசியம் ஏறி வந்தவங்களை நான் மெஷின்ல போட்டிருக்கேன்.

மார்ச் மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை உலக கிட்னி தினம். அன்னிக்கு வழக்கமா ஒரு டாக்டர் போட்டோவும் நிறைய தண்ணி குடிங்கன்னு ஒரு கட்டுரையும் வரும். இந்த தடவை அந்த இடத்துல மேல சொன்ன ரெண்டு டெஸ்ட் பேரையும், அது உங்க பேப்பர் போற மாவட்டங்கள்ல எந்த அரசு ஆஸ்பத்திரியில எந்த கிழமை இலவசமா எடுக்கறாங்கங்கற பட்டியலையும் போடுங்க. கடலூர் மாவட்டத்து பட்டியலை சேகரிக்க என்னால ஆன உதவி செய்யறேன், ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டா டூட்டி முடிஞ்ச பிறகு எந்த நேரமும் பேசறேன்.

இப்படிக்கு,
டயாலிஸிஸ் டெக்னீஷியன்,
கடலூர் மாவட்டம்